டெல்பி: வாக்கு அப்போலோவுடையது, பொருள் கேட்டவருடையது

கொரிந்து வளைகுடாவுக்கு வடக்கே, பர்னாசஸ் மலைச்சரிவில் இருக்கிறது டெல்பி. சீயஸ் இரு திசைகளிலிருந்து பறக்கவிட்ட கழுகுகள் அங்கே சந்தித்தன என்பது கதை. உலகின் தொப்புள் அதுவே என்று நம்பிய கிரேக்கர்கள் அதற்கு அடையாளமாக ஒரு கல்லையும் வைத்திருந்தார்கள். அங்குள்ள அப்போலோ கோயிலில் முக்காலியில் அமர்ந்து பித்தியா என்ற பூசாரிப் பெண் வாக்கு சொன்னாள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் அரசர்களும் நகரங்களும் சாதாரணக் குடும்பத்தாரும் அவளிடம் குறி கேட்டு வந்தார்கள்.

குறி கேட்க மாதத்தில் ஒரு நாள்தான் உண்டு. குளிர்கால மூன்று மாதங்களில் அப்போலோ டெல்பியில் இருப்பதில்லை என்பதால் அதுவும் கிடையாது. முதலில் பலியாட்டின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். ஆடு உடல் முழுக்க நடுங்கினால்தான் தெய்வத்தின் உத்தரவு. டெல்பியில் பூசாரியாகவே இருந்த புளூட்டார்க் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். வெளியூர்த் தூதுக்குழு ஒன்று வந்திருந்தபோது ஆடு நடுங்கவில்லை. பூசாரிகள் விடாமல் தண்ணீரைக் கொட்டி அதை நடுங்க வைத்தார்கள். மனமில்லாமல் உள்ளே போன பித்தியா கரகரத்த குரலில் ஏதோ பேசி, அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்து விழுந்தாள்; சில நாட்களில் இறந்தும் போனாள். உத்தரவை வற்புறுத்தி வாங்கக் கூடாது என்று காட்டுகிறது அந்தச் சம்பவம்.

டெல்பி எழுப்பும் தத்துவக் கேள்வி, வருங்காலம் அவளுக்குத் தெரிந்ததா என்பதல்ல. தெய்வம் பேசிவிட்ட பிறகு மனிதருக்கு என்ன பொறுப்பு மிஞ்சுகிறது என்பதே. லிடிய அரசன் குரோசஸின் கதையை வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இந்தக் கோணத்தில்தான் சொல்கிறார். பாரசீகர் மேல் படையெடுத்தால் ஒரு பேரரசு அழியும் என்று வாக்கு வந்தது. படையெடுத்தான், அழிந்தது அவனுடைய பேரரசு. கி.மு. 546 வாக்கில் சார்டிஸ் வீழ்ந்தது. பின்னர் அவன் ஆளனுப்பி முறையிட்டபோது, எந்தப் பேரரசு என்று மறுபடி கேட்டிருக்க வேண்டியது நீதான் என்று டெல்பி பதில் சொன்னதாம். நடந்தபின் கோயில் தரப்பு கட்டிய சமாதானமாகக்கூட இது இருக்கலாம். ஆனாலும் அந்தப் பதில் பிழையை வாக்கின் மேல் போடாமல், அதைக் கேட்டவன் மேல் போடுகிறது.

ஏதென்ஸ் இந்தப் பாடத்தை நன்றாகவே கற்றிருந்தது. கி.மு. 480-இல் பாரசீகப் படை நெருங்கியபோது கிடைத்த முதல் வாக்கு, ஓடிப்போங்கள் என்றது. தூதர்கள் ஒலிவக் கிளையுடன் திரும்பப் போய்க் கெஞ்சினார்கள். மரச்சுவர் காக்கும், சலாமிஸ் தீவு பெண்களின் பிள்ளைகளைக் கொல்லும் என்று இரண்டாம் வாக்கு வந்தது. அதை மக்கள் சபையில் வைத்து விவாதித்தார்கள். மரச்சுவர் என்பது அக்ரோபோலிஸின் பழைய வேலி என்றார்கள் சில முதியவர்கள். ஊரைவிட்டே போய்விடலாம் என்றார்கள் குறிவிளக்கம் சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்கள். கப்பல்களே மரச்சுவர் என்றார் ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோகிளிஸ். சாகப்போவது ஏதென்ஸின் பிள்ளைகள் என்றால் சலாமிஸைத் 'தெய்வீகமானது' என்று வாக்கு அழைத்திருக்காது என்றும் வாதிட்டார். சபை அவர் பக்கம் நின்றது. கடற்போரில் ஏதென்ஸ் தரப்பு வென்றது. அக்ரோபோலிஸ் கோட்டையில் பலகை அடைத்து எதிர்த்து நின்ற சிலர் மடிந்தார்கள். அப்போலோவின் சொல்லுக்குப் பொருள் தீர்மானித்தது குடிமக்களின் முடிவு. டெல்பியின் அரசியல் மரபில் இதைவிடப் பெரியது வேறில்லை.

மக்களாட்சியின் அமைப்பிலேயே டெல்பிக்குப் பங்குண்டு. சீர்திருத்தவாதி கிளைஸ்தனிஸ் ஏதென்ஸைப் பத்துக் குலங்களாகப் பிரித்தபோது 100 வீரர்களின் பெயர்ப்பட்டியல் பித்தியாவிடம் போனது; குலங்களுக்குப் பெயர் தரும் பத்துப் பேரை அவள் தேர்ந்தாள். எந்தக் கட்சியும் குறைசொல்ல முடியாத நடுவராக அவள் தேவைப்பட்டாள். அந்த நடுநிலைக்கும் விலை இருந்தது என்பது வேறு விஷயம். ஸ்பார்ட்டாவின் அரசன் கிளியோமெனிஸுக்காக வாக்கை மாற்றிச் சொன்ன பெரியல்லா என்ற பித்தியா, உண்மை வெளிப்பட்டதும் பதவி இழந்தாள்.

சாக்ரடீஸைவிட அறிவாளி யாருமில்லை என்று டெல்பி சொன்னதாகப் பிளேட்டோ எழுதுகிறார். சாக்ரடீஸ் மகிழ்ந்துவிடவில்லை, அதைச் சோதிக்கப் பெரியவர்களைத் தேடிப்போய்க் கேள்வி கேட்டார். வாக்கைப் பணிந்து ஏற்பதும் சோதித்துப் பார்ப்பதும் அவரிடம் ஒரே செயலாயின. 'உன்னை அறி' என்று கோயிலில் பொறித்திருந்த வாசகமும் வெகுதூரம் போனது. 1966-இல் ஆப்கானிஸ்தானின் ஐ கனூமில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. டெல்பியின் அறமொழிகளைக் கிளியார்க்கஸ் என்பவர் கவனமாகப் படியெடுத்துக் கொண்டுவந்து அங்கே நிறுவினார் என்கிறது அது.

கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் தியோடோசியஸ் பழைய வழிபாடுகளைத் தடைசெய்தார். இடிபாடுகளின் மேல் கஸ்திரி என்ற கிராமம் எழுந்தது. 1892-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் முழுவீச்சில் அகழத் தொடங்கியபோது அந்தக் கிராமத்தையே இடம் மாற்ற வேண்டியிருந்தது. கோயில் மேடையைத் தாங்கும் பலகோணக் கற்சுவர் இன்றும் நிற்கிறது. அதில் அடிமை விடுதலைப் பத்திரங்கள் நூற்றுக்கணக்கில் பொறிக்கப்பட்டுள்ளன. அடிமை தானே சேர்த்த காசில் அப்போலோ அவரை 'வாங்கிக்கொள்வார்'. அதன்பின் அவரை எவரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் பல பத்திரங்களில் ஒரு நிபந்தனை உண்டு: பழைய எசமானர் சாகும்வரை அவருடனேயே தங்கி ஊழியம் செய்ய வேண்டும்.