சூடாகும்வரை

மார்கழி விடியலில் பழைய புல்லட்டை உதைத்து எழுப்பியவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். டாப்பெட்டின் டிக்டிக்கைவிடக் கனமானது, கனெக்டிங் ராடின் இடியைவிட மெலிந்தது. உள்ளே யாரோ உள்ளங்கையால் சுவரைத் தட்டுவது போன்ற வறண்ட ஒலி. பிஸ்டன் அடிக்கிறது என்போம். அப்பா விட்டுச்சென்ற, 1984-இல் திருவொற்றியூரில் பிறந்த வண்டியில் அதை முதன்முதலாகக் கேட்ட காலையில் எனக்குப் பயம் வந்தது. பிரித்து, போர் அடித்து, புதுப் பிஸ்டன் போட்டு அந்தச் சத்தத்தை ஒழித்தால்தான் நிம்மதி என்று தோன்றியது.

அப்பா காலத்திலிருந்தே வண்டியைப் பார்த்துவரும் மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரைத் தொடவில்லை. நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையைச் சிலிண்டரில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கண்களை மூடிக்கொண்டார். "சூடாகட்டும் தம்பி. சூடான பெறகும் அடிச்சா அப்பக் கழட்டுவோம்" என்றார். அவரைப் பின்னால் உட்காரவைத்து நான்கைந்து கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினேன். ஒலி தேய்ந்துகொண்டே வந்தது. எந்த இடத்தில் நின்றதென்று இருவருக்குமே தெரியவில்லை.

சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அதனால்தான் இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடம் விட்டு வைக்கிறார்கள். அந்த இடம் இல்லாவிட்டால் சத்தமே இராது. சில கிலோமீட்டரில் பிஸ்டன் சுவரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை: பிஸ்டன் குளிர்ந்திருக்கையில் முழு வட்டமாக இருப்பதில்லை. நெருப்பைத் தாங்கும் தலைப்பக்கத்தைச் சற்று ஒடுக்கி, உடலை இம்மியளவு நீள்வட்டமாகக் கடைந்திருப்பார்கள். வெப்பம் ஏறிய பிறகே அது தன் உண்மை உருவை அடைகிறது. காலையில் நாம் கேட்கும் தட்டல், வரவிருக்கும் வெப்பத்துக்காக ஒருவர் முன்கூட்டியே விட்டுவைத்த இடத்தின் ஒலி. ஆண்டுகளின் தேய்மானம் அந்த இடத்தை இன்னும் கொஞ்சம் அகலமாக்கியிருக்கிறது, அவ்வளவே.

ஆனால் நமக்குப் பொறுக்காது. கெட்டியான ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்கி வண்டியை விற்பவர்கள் இருக்கிறார்கள்; சத்தம் அடங்கினால் நோயும் தீர்ந்ததென்று நம்பி வாங்குபவர்களும் இருக்கிறார்கள். வேறு சிலர் உடனே லேத்துக்கு ஓடுகிறார்கள். போர் அடிப்பது சீவி எடுக்கிற வேலை. எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. ஸ்டாண்டர்ட் அளவு போனால் 20 ஓவர்சைஸ் பிஸ்டன், அது போனால் 40, பிறகு ஸ்லீவ். ஒவ்வொரு சிகிச்சையும் சிலிண்டரின் ஆயுளிலிருந்து ஒரு பகுதியைக் கூலியாகப் பெற்றுக்கொண்டுதான் போகிறது.

அப்பாவின் கடைசி ஆண்டுகளை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். விடிந்ததும் அவர் சொல்லும் முதல் சொல் கடுப்பாகவே இருக்கும். காப்பி குடித்து, தெருமுனை வரை நடந்து திரும்பியவர் வேறு மனிதர். அந்த முதல் அரைமணி நேரத்தையே அவருடைய இயல்பென்று முடிவுகட்டி, அவரைத் திருத்த நான் எத்தனை முறை முயன்றேன்! முதுமையோ, உறவோ, நெடுநாள் உழைத்த ஒரு நிறுவனமோ, தன் வெப்பத்தை எட்டுமுன் எழுப்பும் ஒலியைக் கேட்டுத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பொருந்தாமை என்று நாம் பெயரிட்டது, வாழ்க்கையின் சூட்டில் ஒன்றையொன்று நெரித்துக்கொள்ளாமல் இருப்பதற்காக இரண்டு உயிர்களுக்கு நடுவே காலமும் பொறுமையும் சேர்ந்து விட்டுவைத்த இடமாக இருக்கலாம் என்பது, அதை அடைத்துத் தீர்த்து, இனி விரிய இடமில்லாமல் எல்லாம் இறுகி நின்ற பிறகுதான் நமக்கு விளங்குகிறது. இதைச் சொல்வதால் எல்லாச் சத்தத்தையும் பொறுத்துப்போகச் சொல்லவில்லை. சூடேறிய பின்னும் அடிப்பது வேறு. அதைக் கேட்டும் கேளாமல் ஓட்டுவது வண்டிக்குச் செய்யும் துரோகம். இந்த இரண்டையும் பிரித்தறியக் காது வேண்டும், காதுக்குக் காத்திருப்பு வேண்டும்.

ஆறு மார்கழி அந்தத் தட்டலோடேயே ஓட்டினேன். சென்ற ஐப்பசியில் பத்து கிலோமீட்டர் போன பிறகும் அது நிற்கவில்லை. அன்று மாலையே அண்ணன் கழற்றினார். பிஸ்டனின் பக்கவாட்டில் நகம் இடறும் அளவுக்குக் கோடுகள் விழுந்திருந்தன. 20 போட்டிருக்கிறோம். 40 இன்னும் மிச்சமிருக்கிறது.