வாசலும் புல்வெளியும்

கோல்ஃப் கிளப் வாசலில் சட்டைக்குக் காலர் இருக்கிறதா என்று தேடும் கண், வந்தவரின் முகத்தைப் பார்க்கத் தவறிவிடுகிறது. உடை ஒழுங்கு ஆட்டத்துக்குச் செய்யும் மரியாதை; அதுவே ஆளை அளக்கும் கோலாகிவிட்டால் விருந்தினருக்கு இழைக்கும் அவமதிப்பு. இப்படி ஆளை அளப்பது உடையோடு நிற்பதில்லை. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1754-இல் தோன்றிய புகழ்பெற்ற கோல்ஃப் கிளப், பெண்களை உறுப்பினராக்க முடிவெடுத்தது 2014-இல்தான். 260 ஆண்டுகள்! எத்தனை நல்ல ஆட்டக்காரர்கள் வாசலோடு திரும்பியிருப்பார்கள். அந்த கிளப் கட்டடத்தின் முன்னே விரிந்து கிடக்கும் பழைய மைதானமோ ஊருக்குப் பொது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வழக்கமாக ஆட்டம் கிடையாது. குழந்தைகளும் நாய்களுமாக ஊரார் அதே புல்லில் உலாவுகிறார்கள். யார் என்ன உடுத்தி வந்தார் என்று எவரும் பார்ப்பதில்லை.