உள் ஈரம்

பொறுமையைப் புகழாத நீதிநூல் கிடையாது. ஆனால் பொறுமை என்றால் என்ன என்று யாராவது கேட்டால், "காத்திருப்பது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வெறுமனே காத்திருப்பதில் என்ன அறம் இருக்கிறது? பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் பொறுமைசாலிகளா? அப்படியே, சீக்கிரமாகக் காரியத்தை முடிப்பவன் எல்லாம் அவசரக்காரன்தானா? இந்தச் சந்தேகத்தை எனக்குள் கிளப்பியதும், ஓரளவு தீர்த்துவைத்ததும் ஒரு மரப்பலகை.

படூரில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வாகை மரம் நின்றது. அப்பா நட்டது. அப்பா 2016-ஆம் ஆண்டு ஆவணியில் காலமானார். அதே ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் கரையேறியபோது, சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன அல்லவா? அவற்றில் எங்கள் வாகையும் ஒன்று. மறுநாள் காலை அம்மா வாசற்படியில் உட்கார்ந்து, விழுந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அப்பாவின் பதினாறாம் நாளுக்குப் பிறகு அவள் அழுது நாங்கள் பார்த்ததே இல்லை. "அம்மா தேறிவிட்டாள்" என்று உறவினர்களிடம் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்த மரத்தில் அம்மாவுக்கு ஓர் ஊஞ்சல் செய்து போடுவதென்று தீர்மானித்தேன். அடிமரத்தை வாளுக்குக் கொடுத்து, மூன்று அங்குல கனத்தில் நான்கு பலகைகள் அறுத்து வந்தேன். எங்கள் ஊர் ஆசாரியார் அவற்றைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல வயிரம். நிழல்ல அடுக்கி, நடுவுல ரீப்பர் வச்சு, காத்துக்கு விட்டுடுங்க தம்பி. அங்குலத்துக்கு ஒரு வருஷம்."

"மூன்று வருஷமா?"

"மரம் அதுபாட்டுக்குக் காயும். நாம என்ன பண்றது?"

அம்மாவுக்கு அப்போது வயது எழுபத்தெட்டு. மூன்று வருஷம் என்ற சொல் எனக்குக் கோபத்தை மூட்டியது. மரத்துக்கு அவகாசம் இருக்கலாம். மனுஷிக்கு இருக்க வேண்டாமா?

ஆசாரியாரின் மகன் ஏ.சி. மெக்கானிக். அப்பாவின் பேச்சைக் கேட்டுச் சிரித்தான். "மூணு மாசத்துல காயவச்சுத் தரேன் சார்" என்றான். எங்கள் கொல்லைப்புறத்தில் பிளைவுட்டாலும் தெர்மோகோலாலும் ஓர் அறை எழும்பிற்று. அதற்குள் இரண்டு விசிறிகள், ஒரு சின்ன ஹீட்டர், காற்றிலுள்ள ஈரத்தை இறக்கும் பழைய இயந்திரம் ஒன்று. அந்த இயந்திரம் ஏ.சி.யின் ஒன்றுவிட்ட தம்பிதான். ஐஸ் தண்ணீர் வைத்த தம்ளரின் வெளிப்புறம் வேர்க்கிறதே, அதே கதை. அறைக்காற்று குளிர்ந்த குழாயில் பட்டு, தன் ஈரத்தைத் துளியாக விட்டுவிட்டு, பிறகு சூடேறித் திரும்பிப் பலகையிடம் போகிறது. சொட்டும் நீர் ஒரு குழாய் வழியாக வெளியே வாளியில் விழும்.

எங்கள் ஊருக்கு இது வேண்டியதுதான். கிழக்கே முட்டுக்காட்டுக் கழி, அதற்கப்பால் கடல். ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுக் கதவுகள் உப்பி, நிலையைக் கவ்விக்கொள்ளும். இந்தக் காற்றில் மரம் எப்போது காய்வது?

முதல் வாரங்களில் வாளி நிரம்பி வழிந்தது. பிறகு குறைந்தது. ஏன் குறைகிறது என்று அன்று எனக்குத் தெரியாது. பச்சை மரத்தில் ஈரம் இரண்டு விதமாக இருக்கிறதாம். நாளங்களின் பொந்துகளில் நிற்கும் நீர் ஒன்று. அது சுலபமாகப் போய்விடும். அவற்றின் சுவர்களிலேயே ஊறிக் கலந்த நீர் மற்றொன்று. அது லேசில் விடாது. உலர்ந்த மரத்தின் எடையில் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இறங்கும்போதுதான் இரண்டாவது நீர் கிளம்பும். மரம் சுருங்கத் தொடங்குவதும் அப்போதுதான். கனமான பலகையில் மேல்தோல் அந்த நிலையை அடைந்து சுருங்க முயலும்போது, நடுப்பகுதி இன்னும் பச்சையாகவே இருக்கும். சுருங்கப் பார்க்கும் தோலை, சுருங்காத உள்ளுடல் விடுவதில்லை. தோல் இழுபட்ட நிலையிலேயே இறுகிப் போகிறது. பின்னால் உள்ளே ஈரம் வற்றும்போது, அது சுருங்குவதற்கு இறுகிய தோல் இடம் கொடுப்பதில்லை, உள்ளே பிளந்துகொள்கிறது. வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது.

இதெல்லாம் தெரியாமல், "சூட்டை ஏற்று" என்றேன். ஆவணியில் அப்பாவின் முதல் திதி. உறவுகள் எல்லாரும் வருவார்கள். அதற்குள் கூடத்தில் ஊஞ்சல் ஆட வேண்டும். பையன் தயங்கினான், பிறகு ஏற்றினான்.

ஆடியில் இரண்டு பலகைகள் வெளியே வந்தன. பார்க்க அழகாக இருந்தன. ஆசாரியார் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சங்கிலிக் கொக்கிக்குத் துளை போட்டபோது, துரப்பணம் பாதியில் வழுக்கி உள்ளே விழுந்தது. குறுக்கே அறுத்தோம். உள்ளே தேன்கூடு போலப் பிளவுகள்.

"இது காயல தம்பி" என்றார் ஆசாரியார். "பயந்து மூடிக்கிச்சு."

தொல்காப்பியத்தின் மரபியலில் ஒரு பாகுபாடு வருகிறது. உள்ளே வயிரம் உள்ளதை மரம் என்றும், வெளியே வயிரம் உள்ளதைப் புல் என்றும் பிரிக்கிறார்கள். பனையும் மூங்கிலும் இந்தக் கணக்கில் புல். நல்ல வாகை மரத்தை நான் ஆறு மாதத்தில் புல்லாக்கிவிட்டேன்.

அன்றிரவு அம்மாவிடம், "உனக்காகத்தான் அம்மா அவசரப்பட்டேன்" என்றேன்.

"எனக்கா? எனக்கு என்னடா அவசரம்? திதிக்கு வர்றவங்க பார்க்கணுமேன்னு உனக்குத்தான் அவசரம்" என்றாள், கோபமே இல்லாமல்.

அவள் சொன்னது ஊஞ்சலுக்கு மட்டுந்தானா என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பதினாறாம் நாள் அவளைத் தேறச் சொன்னது யார்? அவள் அழுதால் எங்களுக்குச் சங்கடமாக இருந்தது. எங்கள் சங்கடம் தீர அவள் சீக்கிரம் உலர வேண்டியிருந்தது. அவளும் உலர்ந்து காட்டினாள். நாங்கள் மேலே தொட்டுப் பார்த்துத் திருப்தியடைந்தோம்.

தெற்கே மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்கள் நிற்கின்றன. மரத்தால் கட்டிய கோயில்களின் கூரைகளையும் தூண்களையும் அப்படியே பாறையில் கொண்டுவந்திருக்கிறான் பல்லவச் சிற்பி. மரம் உளுத்துப் போகும், கல் நிற்கும் என்று அவன் எண்ணியிருக்கலாம். கோயிலுக்கு அது சரி. "அம்மா கல்லைப் போல இருக்கிறாள்" என்று நாங்கள் மெச்சிக்கொண்டதுதான் பிசகு.

மீதி இரண்டு பலகைகள் கொட்டகையில் கிடந்தன. நிழலில் ஐந்து மாதம் தானாகவே கொஞ்சம் காய்ந்திருந்தன. இந்தத் தடவை ஆசாரியாரும் மகனும் சேர்ந்து வேலை செய்தார்கள். முனைகளில் பெயிண்ட் பூசினார்கள். அங்கேதான் ஈரம் முதலில் ஓடும், பிளவும் முதலில் விழும். கூடவே வைத்த ஒரு துண்டை வாரந்தோறும் நிறுத்தார்கள். எடை வேகமாகக் குறைந்தால் இயந்திரத்தைத் தணித்தார்கள். கடைசியில் அந்தத் துண்டிலிருந்து ஒரு வில்லை அறுத்து, நடுவை எடுத்துவிட்டு, கவட்டை போல இரண்டு கால்களை மட்டும் விட்டார்கள். கால்கள் உள்நோக்கி வளைந்தன. இன்னும் இறுக்கம் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அதற்கு மருந்து என்ன தெரியுமா? அறைக்குள் நீரைப் புகையாகத் தெளித்து, மேல்தோலுக்குக் கொஞ்சம் ஈரத்தைத் திருப்பிக் கொடுப்பது! தோல் இளகி, இழுப்புத் தளர்கிறது. எடுத்ததில் கொஞ்சம் கொடுத்தால்தான் உலர்த்தல் பூர்த்தியாகிறது.

அந்த மாதங்களில் இன்னொன்றும் கவனித்தேன். வாளி நீரை அம்மா தினமும் தூக்கிப்போய், வெட்டிய வாகையின் அடிக்கட்டையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அங்கே புதுத் துளிர் விட்டிருந்தது.

2018 மாசியில் ஊஞ்சல் ஏறியது. அறுத்ததிலிருந்து ஒரு வருஷத்துக்குள் முடிந்துவிட்டது. ஆகவே இயந்திரத்தின் பேரில் எனக்குக் குறையில்லை. மூன்று வருஷம் காப்பதுதான் தருமம் என்றும் சொல்லமாட்டேன். நாளை எண்ணுவதற்குப் பொறுமை என்று பெயரில்லை. மேல்தோலைப் பார்த்துத் திருப்திப்படாமல், உள்ளே என்ன நிலை என்று திரும்பத் திரும்ப விசாரிப்பதுதான் பொறுமை. விசாரிக்கிறவன் வேகமாகவும் போகலாம். விசாரிக்காதவன் முப்பது வருஷம் காத்திருந்தாலும் அது சோம்பல்தான்.

மூன்றாம் நாள் மாலை, ஊஞ்சலில் உட்கார்ந்தபடி, அப்பா அந்தக் கன்றை எங்கிருந்து கொண்டுவந்தார் என்று அம்மா சொல்லத் தொடங்கினாள். சொல்லும்போது அழுதாள். வெகுநேரம் அழுதாள். "அழாதே அம்மா" என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அம்மா 2021-இல் போய்விட்டாள். கணக்குப் பார்த்தால் ஆசாரியார் கேட்ட மூன்று வருஷமும் அவளுக்கு இருந்திருக்கிறது. ஊஞ்சல் இன்னும் கூடத்தில் ஆடுகிறது. ஐப்பசியில் பலகை மயிரிழை உப்புகிறது. பங்குனியில் மறுபடி சுருங்குகிறது. அதைக் கண்டு இப்போதெல்லாம் நான் கவலைப்படுவதில்லை.