விழுதலும் விழுந்து வணங்குதலும்

நெல்லியடியிலும் அதனைச் சூழ்ந்த வடமராட்சி ஊர்களிலும் ஆலய வழிபாடு நாவாலும் நெஞ்சாலும் மட்டும் நிகழ்வதன்று. வீதி சுற்றுதல், நிலத்தில் விழுந்து எழுதல், நேர்த்தி வைத்தோர் வீதியில் உருண்டு வலம்வரும் பிரதட்டை என உடல் முழுவதும் அசைந்தே அது நிறைவேறுகின்றது. ஆதலால் இடுப்போ முழங்காலோ முறிந்து தேறிய ஒருவருக்கு, எலும்பு பொருந்திய பின்னரும் குனிந்தால் விழுந்துவிடுவோமோ என்னும் அச்சம் நீங்காதபோது, அது நடையோடு வழிபாட்டையும் தடுக்கின்றது. அவருடைய வணக்கம் குறையுடையதா என்பது சமயம் விடையிறுக்க வேண்டிய வினாவாகும்.

உடம்பும் (தனு), மனம் முதலிய கருவிகளும் (கரணம்), உலகமும் (புவனம்), நுகர்பொருளும் (போகம்) ஆணவம் என்னும் அறியாமை இருளில் கிடக்கும் உயிருக்கு இறைவன் மாயை என்னும் மூலப்பொருளிலிருந்து ஆக்கி அளித்த துணைகள் என்பது சைவ சித்தாந்தம். உமாபதி சிவாசாரியாரின் திருவருட்பயன் மாயையை விடியும்வரை உதவும் விளக்குக்கு ஒப்பிடுகின்றது. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது என்பதும் அந்நெறியின் துணிபாதலால், நெடுநாள் நோவைச் சார்ந்திருந்த உயிர், புண் ஆறிய பின்னும் நோவின் வண்ணமாகவே நிற்றல் இயல்பு. விழுந்துவிடுவோமோ என்னும் அச்சமும் அவ்வாறு நிற்பதே; அறிவுரை மட்டும் கூறி அதைப் போக்க இயலாது. சிறு அசைவொன்று தீங்கின்றி முடிந்தது என்னும் அனுபவத்தை உயிர் நாள்தோறும் சார்ந்து பழக வேண்டும். மருந்தின்றிப் பயிற்சியால் உறுப்புகளைத் தேற்றும் இயன்மருத்துவமும் இவ்வழியிலேயே செல்கின்றது.

நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) சைவ வினாவிடையில் நமஸ்காரத்தை மூவகைப்படுத்துகின்றார். தலை, கைகள், செவிகள், மோவாய், புயங்கள் ஆகிய எட்டும் நிலம் தோய வணங்கும் அட்டாங்கம் ஆடவர்க்கும், தலை, கைகள், முழந்தாள்கள் ஆகிய ஐந்தும் தோயும் பஞ்சாங்கம் பெண்டிர்க்கும், தலைமேல் இரு கைகளையும் குவிக்கும் திரயாங்கம் இருபாலார்க்கும் உரியன. இவ்வகுப்பு காயமுற்றோரைக் கருதி எழுந்ததன்று. எனினும் நின்றவாறே கைகுவித்தலும் முழுமையான நமஸ்காரமே என்று அது ஏற்றுக்கொள்வதால், நிலத்தில் விழ அஞ்சுபவர் திரயாங்கத்தில் தொடங்கி, மருத்துவர் இசையுந்தோறும் மெல்லக் குனிந்து பழகுவது நெறிக்குப் புறம்பாகாது. உறவினரின் நெருக்குதலுக்காக நோவை அடக்கிக்கொண்டு பிரதட்டை செய்வதே தவறானது.

உடலை வருத்தி அழிப்பதை இறைவன் வேண்டுவதில்லை என்பதற்குத் திருநாவுக்கரசு நாயனாரின் வரலாறு சான்று. கயிலையை நாடிய அவர், பாதங்கள் தேயக் கைகளால் தவழ்ந்தும், கைகளும் தேய மார்பால் உந்தியும், புரண்டும் சென்றார் எனப் பெரியபுராணம் கூறுகின்றது. இறைவன் அவ்வுடல் அழிய விடாது, உறுப்புகள் நிரம்ப எழச் செய்து திருவையாற்றுக்குத் திருப்பினான். பின்னர் அவர் திருப்புகலூரில், முன்போலவே புல் செதுக்கும் கருவியாகிய உழவாரம் ஏந்தித் திருமுற்றத்தில் தொண்டு செய்தார்.