மலையிறங்கிய பின் ஒரு மீன் சாப்பாடு

திருமலையில் புலால் கிடையாது, மது கிடையாது, புகைக்கவும் கூடாது. அலிபிரி சோதனைச்சாவடியிலேயே பையைத் திறந்து பார்த்துவிடுவார்கள். அடிவாரத்துத் திருப்பதி நகரத்தில் கதை வேறு. மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்வதற்குள் வஞ்சிர வறுவலோ நெல்லூர் மீன் புளுசோ கேட்டு உட்காருகிறவர்கள் உண்டு. கொஞ்சம் பெரிய ஓட்டல் என்றால், பூண்டு வதக்கி இறால் போட்டுக் கிளறிய இத்தாலியப் பாஸ்தா வந்தாலும் வரும். தரிசனத்தின் பலன் அந்தத் தட்டோடு போய்விடுமா? போகாது என்பதே என் கட்சி.

தீட்டு மீனிலேயே இருக்கிறது என்றால் எங்கும் அது தீட்டாகத்தான் இருக்க வேண்டும். தென் இத்தாலியில் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு இறைச்சியை விலக்கும் குடும்பங்கள், மேசை நிறைய மீனும் கணவாயும் சிப்பியுமாகச் சாப்பிடுகின்றன. அங்கே அதுதான் விரதச் சாப்பாடு. அவ்வளவு தூரம் போவானேன்? திருப்பதித் தாத்தய்யகுண்டா கங்கம்மாவை வேங்கடவனின் தங்கை என்கிறார்கள். மே மாத ஜாத்திரைக்கு தேவஸ்தானத்திலிருந்து அவளுக்குச் சீர் வருகிறது. ஆடு, கோழி பலி கொடுக்கும் வழக்கமும் அதே ஜாத்திரைக்கு உரியதுதான். அண்ணன் வீட்டில் ஆகாதது தங்கை வீட்டில் ஆகிறது, உறவு முறியவில்லை. ஆக, மலையின் தடை அந்த வீட்டின் ஒழுங்கு. உண்பவன் மீதான தீர்ப்பு அல்ல. சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் காளத்தியில், கடித்துப் பதம் பார்த்த பன்றிக்கறியைப் படைத்த கண்ணப்பரைச் சேக்கிழார் கொண்டாடுகிறார்.

கண்ணப்பர் ஆகமம் அறியாத வேடர், அவரைக் காட்டி அறிந்தவன் தப்பிக்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நாகப்பட்டினத்து அதிபத்தர் எல்லாம் அறிந்த பரதவர். வலையில் விழுந்ததில் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டார். மற்றவை கரைக்குத்தான் வந்தன. தொழிலை விடாமலே அவர் நாயன்மார் ஆனார். வீடு திரும்பும்வரை கவுச்சி தொடுவதில்லை என்று புரட்டாசியில் நேர்ந்துகொண்டவர் நடுவழியில் மீன் தின்றால், அது தவறுதான். அங்கே குற்றம் சொன்ன சொல்லை மீறியதில் இருக்கிறது, மீனில் அல்ல.

கொல்லாமையை முன்வைக்கும் வள்ளுவர், வள்ளலார் வழி மறுப்பு இதைவிடக் கனமானது. அதற்கு என்னிடம் பதிலில்லை. அதன்படி நடப்பவர்களிடம் மரியாதை மட்டுமே உண்டு. ஆனால் அந்த அறம் ஊர் பார்ப்பதில்லை, கிழமை பார்ப்பதில்லை. உயிர்க்கொலை தவறென்றால் காசிமேட்டில் பேரம் பேசி வாங்கி வீட்டில் வைத்த குழம்பும் தவறுதான். மற்ற நாளெல்லாம் அந்தக் குழம்பைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டு, திருப்பதி ஓட்டலில் பக்கத்து மேசை இறாலைப் பார்த்து முகம் சுளிப்பவர் தயவுசெய்து வள்ளலாரைத் துணைக்கு அழைக்க வேண்டாம்.