வாராத நோயின் கணக்கு

ரப்பர்த் தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்கள் கொசு மருந்து அடிக்கும் ஆளை மறந்திருக்க மாட்டார்கள். முதுகில் தகரக் கலம், கையில் நீண்ட குழாய். ஓடைக்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் எண்ணெயைத் தெளித்தவாறு தனியே நடந்து போவார். பால்மரம் வெட்டுவோர் கண்ணுக்கு அவர் செய்வது வேலையாகவே தோன்றாது. வெட்டிய பாலை நிறுத்துப் பார்க்கலாம்; அவர் வேலையை எந்தத் தராசில் நிறுப்பது? அவர் தெளித்த எண்ணெயால் காய்ச்சலுக்குத் தப்பிய குழந்தை எதுவென்று அக்குழந்தையைப் பெற்றவளுக்கும் தெரியாது. நன்றி சொல்ல ஒருவரும் இல்லாத தொழில் அது.

நிகழாமற் போன தீமைக்கு விலை என்ன? அவ்விலையைக் கொடுக்கும் கடமை யாருடையது? கொள்ளைநோயைப் பற்றியும் அரசின் நிதியைப் பற்றியும் எழும் வாதங்கள் அனைத்தின் அடியிலும் இவ்வினாவே கிடக்கிறது.

நான் எழுதுவது லாயாங் லாயாங்கிலிருந்து. ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் மாவட்டத்தில், ரெங்கத்துக்கும் கூலாய்க்கும் இடையே புகைவண்டிப் பாதையில் அமைந்த சிற்றூர். முன்பு ரப்பர் சூழ்ந்திருந்தது. இன்று செம்பனை சூழ்ந்திருக்கிறது. உலகச் செய்திகளில் எங்கள் வட்டாரத்தின் பெயர் அடிபடுவதில்லை. ஆயினும் கோவிட் பெருந்தொற்றின்போது, கடுமையாக்கப்பட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை இந்நாட்டில் முதன்முதலாக விதிக்கப்பட்டது இதே மாவட்டத்தில்தான். 2020 மார்ச் 27ஆம் நாள் சிம்பாங் ரெங்கத்தின் இரு குடியிருப்புகள் முள்வேலியால் அடைக்கப்பட்டன. நோய் கண்டவர் 61 பேர். உள்ளே அடைபட்டவர் மூவாயிரத்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர். சந்தைக்கும் பள்ளிக்கும் நாங்கள் போய்வரும் அண்டை ஊர் ஒரே இரவில் அயல்நாடு போல ஆயிற்று. பெருந்தொற்று நகரத்தாரின் கவலை என்று எண்ணியிருந்தவர்களும் அன்று அவ்வெண்ணத்தைக் கைவிட்டனர்.

நம் முன்னோர்க்கோ இது புதிதன்று. 1901ஆம் ஆண்டு கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் கண்டது, மலேரியாவால் மடிந்துகொண்டிருந்த ஒரு நகரத்தை. அவ்வாண்டு திறக்கப்பட்ட சுவெட்டன்காம் துறைமுகத்தை மூடிவிடலாமா என்னும் பேச்சும் எழுந்தது. சதுப்பு நிலத்தை வடித்தனர், புதரை வெட்டினர், தேங்கிய நீரை அகற்றினர். இரண்டு ஊர்களிலும் 1901இல் 368ஆக இருந்த காய்ச்சல் மரணங்கள் மறு ஆண்டு 59ஆகக் குறைந்தன. தடுப்பூசியோ புதுமருந்தோ இல்லாத காலத்தில், மண்வெட்டி நிகழ்த்திய வெற்றி இது.

இவ்வெற்றியைப் போற்றும்போது ஒன்றை மறைத்தல் ஆகாது. மேட்டு நிலத்தில் காட்டை அழித்தபின் வெயில் படும் தெளிந்த ஓடைகளில் பெருகும் ஒருவகைக் கொசுவே மலைப்பாங்கான தோட்டங்களில் நோயைப் பரப்பியது. எனவே, தோட்டம் போட்டதும் நோய் வந்ததும் ஒரே கோடரியின் வேலை. அக்கோடரியைப் பிடித்த கைகளும் காய்ச்சலில் கிடந்த உடல்களும் பெரும்பாலும் தமிழருடையவை. தோட்ட முதலாளிகள் வடிகாலுக்குப் பணம் தந்ததற்கு இரக்கம் மட்டுமே காரணமன்று. கடல் கடந்து ஆளைக் கொண்டுவரச் செலவாகிறது. அவன் நோயில் கிடந்தால் மரம் வெட்டப்படாமல் நிற்கிறது. சாவை விட வடிகால் மலிவானது என்ற கணக்கு உயிர்களைக் காத்தது. அதை நான் இகழவில்லை. ஆனால் யாருடைய சாவால் எவருக்கும் நட்டமில்லையோ, அந்த மனிதனை இக்கணக்கு எங்கே வைக்கும்? வேலை முடிந்து ஒதுங்கிய முதியவனுக்கும், ஆவணமின்றி உழைக்கும் அயல்நாட்டானுக்கும் அதில் இடமில்லை. நோய்த்தடுப்பை ஆதாயத்தின்மேல் நிறுத்தினால் ஆதாயம் முடியும் இடத்தில் அதுவும் முடிந்துவிடும்.

ஈண்டு, தமிழாசிரியர் நாள்தோறும் கையாளும் நூலொன்றை நினைத்துப் பார்க்கலாம். வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார்: நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன். அரசன் அப்பட்டியலில் இல்லை. அவர் மறந்தாரா? இல்லை. நாடு என்னும் அதிகாரத்தில் ஒரு நாட்டின் அணிகள் ஐந்தனுள் பிணியின்மையை முதலில் வைத்தவரும் அவரே. செல்வம் அதற்குப் பின்புதான் வருகிறது. வந்த நோயைத் தீர்ப்பது மருத்துவனுக்கும் நோயாளிக்கும் இடையிலுள்ள செயல். நோய் வாராத நிலையைப் பேணுவதோ நாட்டின் இலக்கணம். இவை இரண்டையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். மருத்துவமனைக் கட்டடம் எழும்பினால் பொதுச் சுகாதாரம் வளர்ந்துவிட்டதென மகிழ்கிறோம். கட்டடத்துக்கு நாடா வெட்டலாம். வாராத நோய்க்கு எங்கே நாடா கட்டுவது? ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குக் கேட்டு வருபவருக்கு இது பெருந்தொல்லை.

கொசு மருந்துக்காரரைப் புகழ்ந்த நான் அவருக்கு எதிரான சான்றையும் சொல்லியாக வேண்டும். 1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்தில் மூளைக்காய்ச்சல் ஒன்று தோன்றிப் பின்னர் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக்கில் பரவியது. கொசு பரப்பும் சப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிப் புகை அடித்தனர்; தடுப்பூசி போட்டனர். நோய் நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங், இது வேறொரு கிருமி என்று கண்டறிந்தார். அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்று அதை உறுதிசெய்ய உதவியது. சுங்கை நீப்பா என்னும் சிற்றூரின் பெயரால் அது நீப்பா எனப்பட்டது. நோயுற்ற 265 பேரில் 105 பேர் மாண்டனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. ஆயத்தம் இல்லாமல் இல்லை. பழைய பகைவனை எதிர்பார்த்து நின்ற ஆயத்தமாக இருந்தது. நாட்டைக் காத்தது கிடங்கிலிருந்த மருந்தன்று, ஐயுறத் தெரிந்த ஓர் அறிஞரின் மனம். ஐயுறும் மனங்களுக்கு எந்த வரவுசெலவுத் திட்டமும் தனித் தலைப்பு ஒதுக்குவதில்லை.

மறுப்போர் கூற்றிலும் நியாயம் உண்டு. "வருமோ வராதோ என்னும் நோய்க்குப் பணத்தை முடக்கினால் இன்று நோயில் கிடப்பவன் என்ன ஆவான்?" என்று கேட்கிறார்கள். 2019ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 1,30,101 பேர் டிங்கிக் காய்ச்சலுக்கு ஆளாயினர்; 182 பேர் இறந்தனர். கண்முன் நிற்கும் நோயை விட்டுவிட்டுக் கற்பனை நோய்க்குக் காவல் வைப்பதா? அதே ஆண்டு அக்டோபரில் 195 நாடுகளின் ஆயத்த நிலையை வரிசைப்படுத்திய உலகக் குறியீடு ஒன்று அமெரிக்காவை முதலிடத்தில் வைத்தது. மலேசியாவுக்கு 18ஆம் இடம். பின்னர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கோவிடுக்குப் பறிகொடுத்தது முதலிடம் பெற்ற அந்நாடு.

இவ்வாதத்தை நான் எளிதில் தள்ளிவிட இயலாது. எனினும் அது கிடங்கையே ஆயத்தமென்று எண்ணுகிறது. முகக்கவசம் காலாவதியாகும், கற்றுத் தேர்ந்த தாதி நாள்தோறும் பயன்படுவார். டிங்கிக் கொசுவைத் தேடி வீடு வீடாக வரும் சுகாதார ஊழியரே பெருந்தொற்றுக் காலத்தில் தொடர்புடையோரைத் தேடிச் செல்கிறார். இன்றைய நோயாளிக்குச் செய்யும் செலவும் நாளைய நோய்க்குச் செய்யும் செலவும் அவர் ஊதியத்தில் ஒன்றாகின்றன. சிக்கனம் என்ற பெயரில் நாம் கைவைப்பதும் அவ்வூதியத்தில்தான். 2016ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அரசு மருத்துவமனைகளில் சேர்ந்த இளம் மருத்துவர்கள் ஒப்பந்தத்தின்பேரில் அமர்த்தப்பட்டனர். 2021 சூலை 26ஆம் நாள், நாளொன்றுக்குப் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் கோவிடுக்கு ஆளாகிக்கொண்டிருந்த வேளையில், அவர்கள் பணியை விட்டு வெளியே வந்து நின்றனர். நோயாளியை விட்டு வரலாமா என்று கடிந்தோர் உண்டு. நோயாளியைக் காக்க நிலையான ஆள் வேண்டாமா என்று அவர்கள் திருப்பிக் கேட்டனர். எனக்கு இரண்டாம் வினாவே வலியதாகப் படுகிறது.

அதே ஆண்டு நெருக்கடி நிலை நடப்பிலிருந்தது; நாடாளுமன்றம் பல திங்கள் கூடவில்லை. வருங்காலத் தலைமுறைக்கென 1988இல் தொடங்கிய தேசிய நிதியிலிருந்து தடுப்பூசிக்குப் பணம் எடுக்க அவசரச் சட்டம் வழிவகுத்தது. உயிர்காக்க எடுத்ததில் பிழையில்லை. ஆனால் அமைதிக் காலத்தில் சிறுகச் சிறுகத் தராத பணத்தை, விவாதிக்க மன்றமே இல்லாத வேளையில், இன்னும் பிறவாத குழந்தையின் உண்டியலிலிருந்து எடுத்தோம் என்பதை அக்குழந்தையிடம் யார் சொல்வது? 2023 சூனில் மக்களவை ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கை 15 ஆண்டுச் சீர்திருத்தம் பேசுகிறது. பொதுச் சுகாதாரச் செலவை நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு ஐந்தாக உயர்த்த விழைகிறது. பதினைந்து ஆண்டுக்குள் எத்தனைத் தேர்தல்கள், எத்தனை அமைச்சர்கள்!

1967இல் தொடங்கிய மலேரியா ஒழிப்புத் திட்டம் பல அமைச்சர்களைக் கடந்து நின்றது. 2018 முதல் உள்நாட்டில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா இங்கு ஒருவருக்கும் இல்லை. குரங்கிடமிருந்து தொற்றும் மலேரியா மட்டும் காட்டோரங்களில் இன்னும் உண்டு. காவல் இன்னும் வேண்டும். அண்மையில் வகுப்பில் கொசு மருந்துக்காரரைப் பற்றிச் சொன்னேன். மலேரியாவைக் கண்டவர் மாணவரில் ஒருவரும் இல்லை. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "காய்ச்சலே இல்லை என்றால் அவருக்கு எதற்கு ஐயா சம்பளம்?" என்று கேட்டாள். மணி அடித்துவிட்டது. அவ்வினாவையே மறுநாள் கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்தேன்.