பூட்டிய கதவும் பொறுப்பும்

சிறைத்தண்டனை மனிதனொருவனின் நடமாடும் சுதந்திரத்தைப் பறிக்கின்றது. நோயுற்றவிடத்துத் தானே வைத்தியரை நாடிச் செல்லும் வாய்ப்பும் அதனோடு பறிபோகின்றது. அவ்வாறாயின் அவனது நோய்க்குப் பொறுப்பாளி யார் என்பது சட்டப் பிரச்சினை மாத்திரமன்று, ஒழுக்கவியற் பிரச்சினையுமாகும்.

1973 நவம்பரில், ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலச் சிறையொன்றில் லொறியிலிருந்து பஞ்சுப் பொதிகளை இறக்கிய கைதியொருவர் மீது பொதியொன்று வீழ்ந்தது. முதுகுவலியால் வேலை செய்ய மறுத்த தாம் தனிச்சிறையில் அடைக்கப்பட்டதாகவும், உரிய சிகிச்சை தமக்கு அளிக்கப்படவில்லை எனவும் அவர் தம் கைப்பட எழுதி முறையிட்டார். எஸ்ரெல் எதிர் கம்பிள் என்ற அவ்வழக்கில் 1976இல் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், கைதியின் கடுமையான மருத்துவத் தேவையை வேண்டுமென்றே அசட்டை செய்தல், அரசியலமைப்பின் 8ஆம் திருத்தம் தடைசெய்யும் கொடூர தண்டனையாகும் என்றது. எனினும், மூன்று மாதங்களில் 17 தடவை மருத்துவ ஊழியர் அவரைப் பார்வையிட்டிருந்தனர். எக்ஸ் கதிர்ப்படம் எடுக்காமை கூடியபட்சம் தொழிற் கவனயீனமாகலாம், கொடூரமாகாது எனக் கூறி, வைத்தியருக்கெதிரான கோரிக்கையை நீதிமன்றம் ஏற்க மறுத்தது. கோட்பாடு நிலைபெற்றது, அதற்குக் காரணமானவரோ அதனாற் பயன்பெறவில்லை.

இங்கு குற்றத்தின் அளவுகோல் அதிகாரியின் மனமாகின்றது. 1994இன் பாமர் எதிர் பிரெனன் தீர்ப்பு இதனை மேலும் இறுக்கியது: ஆபத்தை அதிகாரி உண்மையில் அறிந்திருத்தல் வேண்டும். வெளிப்படையான ஆபத்திலிருந்து அவ்வறிவை ஊகிக்கலாமெனினும், அறியாதிருந்தவன் தப்பிவிடுகின்றான். நோயாளியின் வேதனையோ, பிறர் அதனை அறியாமையாற் குறைவதில்லை. தண்டனையின் தன்மையை நோக்கவேண்டுமேயன்றித் தண்டிப்பவனின் நோக்கத்தையன்று என நீதியரசர் ஸ்ரீவன்ஸ் 1976இலேயே மாறுபட்டமை ஈண்டுச் சிந்திக்கற்பாலது.

தனிமனித மனத்தில் மாத்திரம் குற்றத்தைத் தேடுவது போதாதென்பதற்குக் கலிபோர்ணியா சான்றாகும். ஏறத்தாழ 80,000 பேருக்கென அமைந்த அம்மாநிலச் சிறைகளில் ஏறத்தாழ 156,000 பேர் இருந்த நிலை, பிறவுண் எதிர் பிளாற்றா வழக்கில் (2011) ஆராயப்பட்டது. அந்நெருக்கடியே மருத்துவப் பராமரிப்புச் சீர்குலைந்தமைக்கு முதன்மைக் காரணமெனக் கொண்டு, கைதிகளின் தொகையைக் கொள்ளளவின் 137.5 வீதமாகக் குறைக்குமாறு பணித்த கட்டளையை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. அங்கு தீங்கு விளைத்தது ஒருவரது வன்மமன்று, ஓர் அமைப்பு.

வெளியிலுள்ள வறியவனுக்கே கிட்டாத சிகிச்சை குற்றவாளிக்கு எதற்கு எனச் சிலர் வினவுவர். வறியவனின் நிலை அநீதியே. ஆயினும் அவன் அயலவனிடம் இரக்கலாம். வேறொரு மருத்துவமனையின் வாயிலை நாடலாம். கைதிக்கு அவ்வழிகளனைத்தையும் அடைத்தது அரசு. ஆதலின் சிகிச்சை அவனுக்களிக்கும் சலுகையன்று. அவனைப் பூட்டிவைத்ததனால் அரசு ஏற்றுக்கொண்ட கடனாகும். நீதிமன்றம் விதித்தது சிறைவாசமே. நோயையும் சேர்த்து விதிக்கும் அதிகாரம் எவர்க்குமில்லை.